ஆள் கனம்

வேன் வந்து நின்றபோது ஆட்டம் இல்லாமல் நன்றாகத்தான் நின்றது. கருப்பண்ணன் இறங்கி, துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு, பட்டறைக்குள் வந்து தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கிய பிறகுதான் எஞ்சின் ஆட ஆரம்பித்தது. குளிர்ந்த எஞ்சின் முதலில் தகராறு பண்ணும், சூடு ஏறினால் அடங்கும், அதுதான் முறை. இது தலைகீழாக இருந்தது. முப்பது வருடமாகக் கை நகத்தில் கிரீஸ் போகாத இன்னாசிக்கு அது உறுத்தியது. ஆனால் காலையிலிருந்து முழங்கால் வலி அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. மேற்கொண்டு யோசிக்கச் சோம்பலாக இருந்தது.

பட்டறை, மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற ரோட்டில் ஊரைத் தாண்டித் தனியாக நின்றது. மார்கழி மாதத் தூறல். மத்தியானம் ரெண்டு மணிக்கே வெளிச்சம் செத்துப்போய்க் கிடந்தது. வேனுக்கு இருபத்தாறு வயது. எஞ்சின் முன்பக்க சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் வண்டி, கார்புரேட்டர் காலத்துச் சாமான். அது இப்போது 'உர்ர்' என்று ஏறி, கதவுக் கண்ணாடியெல்லாம் கடகடக்க உச்சிக்குப் போய், சட்டென்று விழுந்து, இதோ அணைந்தே விட்டது என்கிற இடத்தில் ஒரு நடுக்கம் நடுங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

"பாத்தியா இன்னாசி? நாலு மாசம் சும்மா நின்னுச்சி. இன்னிக்கி எடுத்தா இப்படி ஆடுது. ரயில்வே கேட்டுல ரெண்டு தடவ அணைஞ்சி போச்சி, தள்ள ஆளுவ வேண்டியதாயிருச்சி."

"நிக்க வச்ச வண்டிங்கண்ணா. கார்புரேட்டர்ல பெட்ரோல் காஞ்சி பிசினாட்டம் புடிச்சிருக்கும். தொடைச்சா சரியாயிரும்."

"ஆவுலன்னாலும் பரவால்ல, நீ சொன்ன வைத்தியந்தான் இருக்குதே. நாளைக்கி விடியக்காலம் தக்காளி ஏத்தறேன். மருமவ வர்றேன்னு சொல்லிருச்சி. நான் அந்த சீட்டுல உக்காந்துக்கறேன் மாமா, நீங்க கவலப்படாதீங்கன்னுச்சி."

இன்னாசி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தான். "அன்பரசியா? அது முழுகாம இருக்குதுன்னாங்களே."

"ஆறு மாசம். சும்மா உக்காந்துதான வரப்போவுது? தக்காளி கிரேடு தூக்கவா போவுது?"

இன்னாசி வேனின் இடதுபக்க சீட்டைப் பார்த்தான்.

அந்த வைத்தியம் அவன் வாயால் வந்ததுதான். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வண்டி, இதே ஆட்டம். சீட்டைத் தூக்கிப் பார்த்தபோது எஞ்சினுக்குக் காற்று இழுக்கிற ஒரு சின்ன ரப்பர் குழாயில் விரிசல். அந்த ஓட்டை வழியாக வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. இடதுபக்க சீட்டில் யாராவது உட்கார்ந்தால் சீட்டின் அடித்தகடு குழாயை அமுக்கும், விரிசல் மூடிக்கொள்ளும், எஞ்சின் அடங்கிவிடும். குழாய் வேண்டுமென்றால் தருமபுரிக்கு பஸ் ஏற வேண்டும். அன்றைக்கு அவனுக்கு அலுப்பு. "குழாய் அப்புறம் மாத்திக்கலாங்கண்ணா, அதுவரைக்கும் அக்காவ பக்கத்துல உக்கார வச்சிக்கிங்க, வண்டி தேனாட்டம் நிக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பாதி விளையாட்டு. ஆனால் வண்டிக்காரர்களுக்கு மெக்கானிக் சொல்வது டாக்டர் சொல்வது மாதிரி. மறுநாளிலிருந்து கருப்பண்ணன் பெண்சாதி முனியம்மாள், விடியக்காலம் மூன்று மணிக்கு எழுந்து, காய்ச்சலானாலும் சளியானாலும் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பாலக்கோடு மண்டிக்குப் போனாள். வேலை ஒன்றும் கிடையாது. உட்காருவதுதான் வேலை.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மழைநாள், மண்டி வாசலில் வண்டி வரிசை நகரவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, எஞ்சினை அணைக்காமல், ரெண்டு மணி நேரம் முனியம்மாள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கருப்பண்ணன் கீழே இறங்கி டீக்கடையில் நின்றிருந்தார்.

"அன்னிக்கி வண்டி நின்ன மாதிரி என்னிக்கும் நின்னதில்ல இன்னாசி," என்றார் இப்போது, வேனைப் பார்த்துக்கொண்டே. கேட்காமலே சொன்னார். இந்த நாலு மாதத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாரோ, வார்த்தைகள் தேய்ந்து வழவழவென்று வந்தன. "ஒரு ஆட்டம் இல்ல. சரி, நல்லாத்தான் உக்காந்திருக்கா, தூங்கட்டும்னு வுட்டுட்டேன். போயி தொட்டுப் பாத்தா சில்லுனு கெடக்கறா. அப்பவும் வண்டி அப்படியேதான் நின்னுச்சி."

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். எஞ்சினிலிருந்து புகைக்குழாய் கிளம்புகிற இடத்தில், சரியாக அந்த சீட்டுக்கு அடியில், 'உஸ்' என்று ஒரு சின்னக் கசிவு இருந்ததும், அந்த விஷப்புகை மூடிய வண்டிக்குள் ஏறியதும் யாருக்கும் தெரியாது. இன்னாசிக்கு மட்டும் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் அந்தச் சத்தமும் அவன் காதில் விழுந்தது. அதையும் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான்.

அன்றிலிருந்து அவன் நிம்மதியாகத் தூங்கவில்லை. யாரிடம் சொல்வது? சொல்லி என்ன ஆகும்? மாதா கோயிலில் முட்டி போட்டாலும் வாய் வரவில்லை.

"நீங்க போயிட்டு ஆறு மணிக்கு வாங்கண்ணா," என்றான். "காலி சீட்டோட ஓடற மாதிரி பண்ணிக் குடுக்கறேன். யாரும் உக்கார வேணாம்."

"பண்ணினா சந்தோசம். இல்லீன்னா அன்பரசி இருக்குது," என்று சொல்லிவிட்டுக் கருப்பண்ணன் பஸ்ஸுக்கு நடந்தார்.

இன்னாசி இடதுபக்க சீட்டைத் தூக்கிக் கம்பியால் முட்டுக்கொடுத்தான். சூடான இரும்பும் பழைய பெட்ரோலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. அதற்குக் கீழே, மெல்லியதாக, வெற்றிலையும் மஞ்சளும் கலந்த ஒரு வாடை. சீட்டு உறை ரெக்சினில் ஊறியது என்று நினைத்துக்கொண்டான். புகைக்குழாய்தான் முதல் வேலை. நாலு போல்ட்டில் மூன்றை முறுக்கினான். நாலாவது உள்ளேயே ஒடிந்து கிடந்தது. லேத் பட்டறைக்குக் கொண்டுபோகாமல் அது ஆகாது, அதற்கு நாளை மத்தியானம் ஆகிவிடும். கசிவு பாதி அடங்கியது, முழுதும் அடங்கவில்லை. அதனால் வேனின் ரெண்டு கதவையும் பட்டறை ஷட்டரையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்தான்.

பிறகு குழாய். பழையதை உருவிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டினான். தருமபுரிக்குப் போய் அதை அவன் வாங்கி வந்து நாலு மாதமாகிறது. முனியம்மாள் கருமாதி முடிந்த மறுநாளே வாங்கியது. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வருகிற ஜெட்டுகளை ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊதி, பெட்ரோலில் அலசி, பிரஷ் போட்டான். அடியில் வைக்கிற கேஸ்கெட்டுக்கு அட்டையை வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரம் தட்டித் தட்டி வெட்டினான். தூறல் தகரத்தில் விழுகிற சத்தமும் சுத்தியல் சத்தமும் ஒன்றோடொன்று கலந்து, கொஞ்ச நேரம் உலகத்தில் வேறு ஒன்றுமே இல்லாத மாதிரி, நெஞ்சில் இருந்த கல் கூட இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் பூட்டி, ஸ்டார்ட் செய்தான்.

உர்ர். ஏறியது. விழுந்தது. நடுங்கியது. ஏறியது.

"அட உன்ன," என்றான் அலுத்துப்போய். இன்னும் எங்கோ காற்று இழுக்கிறது. உள்ளங்கையைக் குவித்து கார்புரேட்டர் வாயை முக்கால்வாசி மூடினான். மூடினால் காற்று குறையும், எஞ்சின் நிதானப்பட்டால் கசிவு நிச்சயம். நிதானப்பட்டது. கையை எடுத்தான். ஆடியது. ஒரு சிரிஞ்சில் பெட்ரோல் எடுத்து இணைப்புகளின் ஓரமெல்லாம் சொட்டு சொட்டாக விட்டுப் பார்த்தான். கசிகிற இடத்தில் சொட்டு விழுந்தால் எஞ்சின் சத்தம் மாறும். எங்கேயும் மாறவில்லை. பிரேக்குக்குப் போகிற குழாயை இடுக்கியால் நெரித்தான். மாறவில்லை. ஓட்டையே இல்லாத எஞ்சின் ஓட்டை எஞ்சின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுக்கப் பட்டறையின் பின்பக்கம் போனான். பலகையில் கையை வைத்தபோது முதுகுக்குப் பின்னால் சத்தம் அடங்கியது. அணையவில்லை. அடங்கியது. பால் பொங்கி அடுப்பைக் குறைத்த மாதிரி, ஒரே சீராக, மெத்தென்று.

திரும்பிப் பார்த்தான். சீட்டு கீழே இறங்கியிருந்தது.

முட்டுக்கம்பி நழுவியிருக்கும். அதிர்வில் நழுவும். அருகே போனான். கம்பி நழுவவில்லை. அதன் கொக்கியிலிருந்து எடுத்து, பக்கத்தில் படுக்க வைக்கப்பட்டிருந்தது.

நான்தான் எடுத்து வைத்திருப்பேன், தூக்கமில்லாத மண்டை, என்று சொல்லிக்கொண்டான். சத்தமாகவே சொன்னான். சீட்டைத் தூக்கக் கை வைத்தான். வரவில்லை. தகடும் பஞ்சும் ரெக்சினும், ஒரு கையால் தூக்குகிற சாமான் அது. ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தான். வரவில்லை. எஞ்சின் சீராக ஓடியது. பிறகு, முழங்கால் வலிக்கிற ஒரு ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்திருக்கிற மாதிரி, சீட்டின் ஒரு ஓரம் முதலில் லேசானது. அப்புறம் மறு ஓரம். சீட்டு கையோடு வந்தது.

எஞ்சின் எகிறியது.

இன்னாசி ரெண்டடி பின்னால் வந்து நின்றான். கழுத்திலிருந்த ஜெபமாலையைச் சட்டைக்கு மேலே எடுத்துப் போட்டான். ரோட்டில் ஒரு டிராக்டர் போயிற்று. அதில் யாரோ பாட்டு வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டு தேய்ந்து மறையும்வரை அப்படியே நின்றான். பயமாகத்தான் இருந்தது. ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடிப்போகலாம். போனால் ஆறு மணிக்குக் கருப்பண்ணன் வருவார், வண்டியை எடுத்துக்கொண்டு போவார், மூன்று மணிக்கு அன்பரசி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த சீட்டில் ஏறுவாள். அதை நினைத்ததும் ஓட முடியவில்லை.

சீட்டை முழுதாகவே கழற்றினான். கீல் போல்ட்டுகளை உருவி, இழுத்து வந்து, வேனிலிருந்து நாலடி தள்ளி சிமெண்ட் தரையில் போட்டான். இப்போது அதற்கும் எஞ்சினுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குழாயும் புதுசு. அமுக்க ஒன்றும் இல்லை.

எஞ்சின் ஆடியது. ஏறி, விழுந்து, ஏறி.

கலவை ஸ்க்ரூவில் திருப்புளியை வைத்தான். கால் சுற்று. அரைச் சுற்று. காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டான்.

எஞ்சின் அடங்கியது.

ஒரு நொடி சந்தோஷம். சரியாகிவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லப்போனான். அப்போது பின்னால் இன்னொரு சத்தம். ரெக்சின் தையல் விட்ட இடத்தில் காற்று மெல்ல வெளியேறுகிற சத்தம். நீளமாக. ஒருவர் உட்காரும்போது சீட்டு விடுகிற சத்தம்.

திரும்பாமல் இருந்திருக்கலாம். திரும்பினான்.

தரையில் கிடந்த சீட்டு நடுவில் அமுங்கியிருந்தது. ரெண்டு தொடை அகலத்துக்கு. அதன் முன்னால், சிமெண்டில், ஈரம். ரெண்டு பாதம் அகலத்துக்கு.

"அக்கா," என்றான். "அக்கா. போதுங்கக்கா. எந்திரிச்சிருங்க. நான் குழாய மாத்திட்டேன். உங்கள உக்காரச் சொன்னது நாந்தான். தப்புதான். இனிமே உக்கார வேணாம்."

தூறல் விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் சீராக ஓடியது. ரெக்சின் அமுங்கியே இருந்தது. அவள் அவனைத் திட்டவில்லை, அழவில்லை. பழிவாங்க வந்த மாதிரியும் இல்லை. உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருந்தாள். அவ்வளவுதான். இன்னாசிக்கு அழுகை வந்தது. நாலு மாதமாக வராத அழுகை, மூக்கு ஒழுக, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அழுது முடித்தபோது அவனுக்கு ஒன்று தெளிவாகியிருந்தது. இந்த வண்டி நாளைக்குக் கிளம்பக் கூடாது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழிவு ஆயில் தொட்டியில் போட்டுவிட வேண்டும். உடைந்துபோயிற்று, வேறு கிடைக்காது என்று சொல்லிவிட வேண்டும். கருப்பண்ணன் கத்தட்டும். ஊரெல்லாம் போய்த் திட்டட்டும்.

மணி ஐந்தரை. அவர் வருவதற்குள் முடித்தாக வேண்டும். சீட்டு கழன்று கிடந்தால் கேள்வி வரும். இழுத்துப் பார்த்தான், லேசாக வந்தது. எஞ்சின் உடனே எகிற ஆரம்பித்தது. அதைப் பொருட்படுத்தாமல் சீட்டை அதன் இடத்தில் மாட்டி ஒரே ஒரு போல்ட்டைப் போட்டான். இனி எஞ்சினை அணைக்க வேண்டும். சாவி ஸ்டியரிங் பக்கம், வலதுபுறம். சுற்றிப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இடதுபக்கக் கதவு வழியாகவே உள்ளே சாய்ந்து கையை நீட்டினான்.

முழங்கால் மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எஞ்சின் அடங்கியது.

அடியிலிருந்து கதகதப்பு ஏறியது. நாளெல்லாம் ஈரத்தில் நின்ற உடம்பு. எத்தனை நாள் தூக்கம் பாக்கி. ஒரே ஒரு நிமிடம் என்று உடம்பு கெஞ்சியது. கூடாது என்று அவன் கையை நீட்டினான். சாவிக்கும் விரலுக்கும் ஒரு சாண்.

அப்போது தொடைமேல் ஒரு கனம் இறங்கியது.

மெதுவாகத்தான் இறங்கியது. முதலில் ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். நன்றாக நகர்ந்து, சௌகரியம் பார்த்து, பின்னால் சாய்ந்தது. மார்பு அமுங்கியது. வெற்றிலை வாடை. ஈரத் தலைமுடியின் வாடை. கழுத்துக்குக் கீழே சில்லென்று ஒரு முதுகு.

கையை நீட்டினான். வரவில்லை. கத்தினான். மூச்சுதான் வந்தது, அதுவும் பாதி. இழுத்த மூச்சில் புகை கரித்தது. கண் எரிந்தது. விரல் நுனி தூரத்தில் எங்கோ இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பஸ் நின்று கிளம்பும் சத்தம். செருப்புச் சத்தம்.

கருப்பண்ணன் குடையை மடக்கிக்கொண்டு ஷட்டருக்குள் வந்தார். வந்தவர் நின்றுவிட்டார். தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டார். முகம் மலர்ந்தது.

இன்னாசி வாயைத் திறந்தான். அண்ணா. சத்தம் இல்லை.

அவர் போனை எடுத்தார். "அம்மா அன்பரசி, நாளைக்கி நீ வரவேணாம்மா. தூங்கு. வண்டி நல்லா நிக்குது. ஆமா. ஆளு உக்காந்திருக்குது."

பேசிக்கொண்டே வேனுக்குக் கிட்டே வந்தார். திறந்த கதவுக்கு எதிரே நின்றார். இன்னாசியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவன் முகத்துக்கு ஒரு சாண் முன்னால், கொஞ்சம் மேலே பார்த்தார். நாலு மாதமாக அவர் முகத்தில் இல்லாத ஒரு சிரிப்பு வந்தது.

"சாரல் அடிக்குதுடி," என்றார்.

குனிந்தார். படியோரத்தில் தொங்கிக்கொண்டிருந்த எதையோ ரெண்டு விரலால் எடுத்து, தண்ணீரைப் பிழிந்து, கதவு இடுக்கில் மாட்டிக்கொள்ளாதபடி உள்ளே மடியில் வைத்தார். நனைந்த புடவைத் தலைப்பு இன்னாசியின் கைமேல் விழுந்தது.